கண்ணை மூடிக்கொண்டு ஒரு டிவி

க்ரீச்.

அட்டைப் பெட்டியிலிருந்து தெர்மகோலை இழுக்கும்போது பல்லைக் கூசவைக்கும் ஒரு சத்தம் வருமே... அதுதான். திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு டிவி கடை. விற்பனைப் பெண் நாற்பத்து மூன்று இன்ச் டிவி ஒன்றைப் பெட்டியிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் நின்ற மாமா சட்டென்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எங்கள் இருவருக்கும் தெரிந்த சத்தம் அது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிறவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் ஊர்க்காரர்கள் போடும் அன்னதானத்தில் மைக் அவர் கையில்தான் இருக்கும். ஆம்ப்ளிஃபயரைத் தெர்மகோல் பெட்டியிலிருந்து உருவுவார் — க்ரீச். மைக்கில் இரண்டு முறை ஊதுவார். அப்புறம் அந்தக் குரல்.

அதை எப்படிச் சொல்வது? இனிமையான குரல் இல்லை. புதுப் பாயில் விரலை ஓட்டினால் வரும் கரகரப்பு. ஆனால் அடியில் எங்கோ ஓர் ஈரம் ஓடும். இருபது வயதில் நான் மலையைச் சுற்றி வரும்போது, கால் கெஞ்சத் தொடங்கும் இடத்தில், வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகும். வீடு என்பது சில பேருக்குச் சுவர். எனக்கு அந்த ஊரில் அது ஒரு குரல்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாமாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். ஆளைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். குரலைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது ஒரு கைதட்டல் என்றால் தண்ணீர். இரண்டு என்றால் வாசலில் யாரோ. மற்றதையெல்லாம் அக்கா அவர் முகத்தைப் பார்த்தே படித்துக்கொள்கிறாள்.

அக்காவின் பீரோவில் ஒரு டிவிடி இருக்கிறது. எப்போதோ அன்னதானத்தன்று ஒரு வீடியோக்காரர் எடுத்துக் கொடுத்தது. நாற்பது நிமிடம். மாமா பேசிக்கொண்டே இருக்கிறார். ஆனால் அதைப் போட வழியில்லை. வீட்டிலிருந்த பழைய டிவியும் பிளேயரும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன.

“ஒரு சின்ன டிவியா பாத்து வாங்கிக் குடுடா. அந்த மனுசன் குரலக் கேக்கணும் போல இருக்குது” என்றாள் போனில்.

“போன்லயே ஏத்தித் தரேன்க்கா. எப்ப வேணா கேக்கலாம்.”

“போன்ல கேட்டா எங்கயோ வெளியூர்ல இருந்து பேசற மாதிரி இருக்கும்டா. எனக்கு வீட்ல கேக்கணும்.”



டிவி வாங்கப்போகிறேன் என்று இரண்டு வாரம் முன்பு இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதற்கு நீங்கள் அனுப்பிய யோசனைகள் இருக்கின்றனவே... அப்பப்பா. நாற்பத்து மூன்றுக்குக் கீழே போகாதீர்கள். ஃபோர்-கே இல்லாமல் வாங்காதீர்கள். எந்த பேனல், எத்தனை ஜிபி என்று கேளுங்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு பக்கம் நிறைந்தது. சத்தத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஒரு குரலைக் கேட்பதற்காக டிவி வாங்கக் கிளம்பியவனின் நோட்டு அது.

அக்கா, மாமா, நான் மூவரும் போய் நின்ற கடையில் இருபது டிவிகள். இருபதிலும் அதே அருவி, அதே பஞ்சவர்ணக் கிளி.

“இத எடுத்துக்கங்கண்ணா. இந்த பட்ஜெட்ல இதுக்கு மேல கிடையாது” என்றாள் விற்பனைப் பெண். பெயர் கவிதா.

டிவிடியை ஸ்டுடியோவில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தேன். சொருகினாள். கிளி மறைந்தது. மாமா வந்தார். பத்து வயது இளையவராக, வெள்ளைச் சட்டையில், கையில் மைக்கோடு. வாய் அசைகிறது. சிரிக்கிறார். கையை நீட்டி யாரையோ கூப்பிடுகிறார்.

சத்தம் மட்டும் வரவில்லை.

வால்யூமை நூறு வரை ஏற்றினோம். திரையின் அடியில் ஒரு வரி ஆங்கிலத்தில் வந்து நின்றது — இந்த ஃபைலின் ஆடியோவை இந்த டிவி எடுத்துக்கொள்ளாதாம்.

“படம் சூப்பரா வருது. என்னா பேசறாருன்னுதான் தெரியல” என்ற கவிதா, திரையையும் பக்கத்தில் நிற்பவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாமாவிடமே கேட்டாள். “ஐயா, இது நீங்கதான? நீங்களே சொல்லுங்க, என்னா பேசனீங்க?”

மாமா சிரித்தார். கழுத்தில் சுற்றியிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

அக்காதான் சொன்னாள். “அவரால பேச முடியாதும்மா. அதுக்குத்தான் டிவி வாங்க வந்திருக்கோம்.”

கவிதா பென் டிரைவைப் பிடுங்கி அடுத்த டிவியில் சொருகினாள். அதற்கு அடுத்ததில். அதற்கும் அடுத்ததில். எல்லாவற்றிலும் மாமா வந்தார், வாயசைத்தார். எதிலும் பேசவில்லை. விலையைக் குறைக்கும்போது கண்ணுக்குத் தெரியாததில்தான் முதலில் கை வைப்பார்கள் போல. டிவியில் மட்டுமா?

அப்போது அக்கா பையைத் திறந்து டிவிடியை எடுத்தாள். பழைய புடவைத் துண்டில் சுற்றியிருந்தாள். பென் டிரைவ் போதும், அதெல்லாம் எதற்கு என்று வீட்டிலேயே நான் சொல்லியிருந்தேன்.

“நீ சொன்ன. நான் கேக்கல” என்றாள்.

“மேல ஒரு பிளேயர் கெடக்குதுண்ணா, பழைய ஸ்டாக்கு. ஆனா இந்த மஞ்ச, செவப்பு, வெள்ள ஒயர் சொருக மூணு ஓட்டை வேணும். இப்ப வர்ற டிவில அது கம்மி” என்று சொல்லிக்கொண்டே கவிதா ஒவ்வொரு டிவிக்குப் பின்னாலும் குனிந்து பார்த்தாள். இரண்டில் இருந்தது. ஒன்று நாற்பது இன்ச் — தியேட்டர் எஃபெக்ட்டாம். இன்னொன்று மூலையில் தூசியோடு நின்ற முப்பத்திரண்டு.

பிளேயரை மேலிருந்து இறக்கி, நாற்பது இன்ச்சில் மாட்டி, டிவிடியைப் போட்டாள். அப்புறம் யாரும் கேட்காமலே ஒன்று செய்தாள். மற்ற பதினெட்டு அருவிகளையும் ஒவ்வொன்றாக அணைத்தாள்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அக்காவும்.

நாற்பது இன்ச் பேசியது. கடை அதிர்ந்தது. அக்கா உதட்டைப் பிதுக்கினாள். “யாரோ மந்திரி பேசற மாதிரி இருக்குது.”

கவிதா வயரை மாற்றினாள். முப்பத்திரண்டு பேசியது. மெல்லிய சத்தம்தான், தகரத்தில் பட்டு வருவது போல. ஆனால் அந்தக் கரகரப்பு... புதுப் பாய், விரல். மாமா கண்ணைத் திறக்காமலே ஆள்காட்டி விரலை உயர்த்தினார்.

“இதான்” என்றாள் அக்கா.

எனக்கு மனசு ஆறவில்லை. நோட்டு கையிலேயே இருந்தது. “ரொம்ப சின்னதா இருக்குதேக்கா. கலரும் கம்மி.”

“கலர வெச்சி நான் என்னா பண்ணப்போறேன்? ஆள்தான் பக்கத்துலயே நிக்கறாரே.”

நோட்டை மூடிவிட்டேன்.

டிவியையும் பிளேயரையும் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டே அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தோம். கூடத்து மேசையில் டிவியை நிறுத்தி, மூன்று நிறத்தையும் பார்த்துப் பார்த்துச் சொருகினேன். அக்கா டீ போட உள்ளே போயிருந்தாள். டிவிடி சுழன்றது. கூட்டத்தின் இரைச்சல். பாத்திரச் சத்தம். அதற்கு மேலே —

“அலமேலு... ரெண்டாவது பந்திக்கு சாம்பார் வாளி இன்னும் வரல பாரு.”

“தோ, எடுத்தாறேங்க” என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

டம்ளரில் ஆற்றிக்கொண்டிருந்த டீயின் சத்தம் நின்றது.

மாமா டிவியைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஈரக் கையோடு வந்து நின்றாள். திரையில் அவர் வேறு எதையோ பேசப் போய்விட்டார்.

“பேர் சொல்லி கூப்ட்டு ரெண்டு வருசம் ஆச்சு” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. வந்து மாமாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். “கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க.”

ஓட்டினார். அலமேலு என்றது டிவி. மறுபடி ஓட்டினார். அலமேலு. அக்கா இந்த முறை பதில் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டாள்.

நான் ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டேன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கே தெரியும். எப்போதும் ஒரு பஸ் எனக்காக எங்கோ கிளம்பிக்கொண்டிருக்கும். அன்றைக்கும் ஐந்தரைக்கு ஒன்று. டீயை நின்றபடியே குடித்துவிட்டு, வரேன்க்கா, வரேன் மாமா என்று வாசலில் செருப்பை மாட்டினேன்.

இரண்டு கைதட்டல்.

வாசலில் யாரோ. நான்தான். திரும்பினேன்.

மாமா ரிமோட்டை வைத்துக்கொண்டு எதையோ தேடினார். படம் முன்னால் ஓடியது, பின்னால் வந்தது, மறுபடி ஓடியது. ஓரிடத்தில் நிறுத்தி, வால்யூமை இரண்டு புள்ளி ஏற்றினார். திரையில் பந்தி முடிந்து ஜனங்கள் வேகவேகமாகப் பாதைக்குத் திரும்புகிறார்கள். வாசல் வரைக்கும் வந்தது அந்தக் குரல்.

“சாப்ட்டாச்சா? சரி, பாத்து மெதுவா போங்க. மலை எங்கயும் ஓடிப்போயிடாது.”