கோடு விழாத கை

அந்தமானுக்குத் தோழிகளோடு போன மகள் நேற்று வீடு திரும்பினாள். தீவின் கரையை ஒட்டி எல்லோரும் நீந்தியபோது ஒருத்தியை நீரோட்டம் இழுத்துப் போனதையும், படகுக்காரர் வந்து தூக்கியதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அந்த ஒருத்தி நான்தாம்ப்பா" என்று கடைசியில் சேர்த்தாள். அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கும் ஒரு தீவு இருந்தது. ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த ஏரியின் நடுவே, கருவேல மரங்கள் நிற்கும் மண்திட்டு. மழைக்காலம் முடிந்ததும் அதை ஒருமுறை சுற்றி நீந்தி வந்தவனுக்குத்தான் பையன்களிடம் மரியாதை.

தொழிற்சாலை வேலைக்காக வந்த குடும்பங்கள் எல்லாம் வேறு வேறு ஊர், நாங்கள் திருநெல்வேலி. ஆனால் அம்மாக்கள் எல்லோரும் வைத்திருந்த சோதனை ஒன்றுதான். வீடு திரும்பும் பிள்ளையின் முன்கையை நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். ஏரியில் ஊறி உலர்ந்த தோலில் வெள்ளைக்கோடு விழும். அப்புறம் முதுகிலும் விழும். அதனால் நாங்கள் பையில் தேங்காயெண்ணெய் கொண்டு போனோம். எண்ணெய் தடவிய கையில் கோடு தெரியாது.

அன்று என்னோடு வந்தவன் என் வகுப்புத் தோழன். ஏரிக்கரை ஊரின் விவசாய வீட்டுப் பையன்.

"இன்னா மாமே, கரையிலயே நின்னுகினு கீற? உனக்கு கொழாயத் தொறந்து உடணுமா?" என்றான்.

குதித்தேன். திட்டின் மறுபக்கத்தில், லாரிக்காக மண் வெட்டிய பள்ளம் இருந்தது. அங்கே தண்ணீர் சட்டென்று குளிர்ந்தது. காலில் கொடி சுற்றியது. தலைக்கு மேல் வெளிச்சம் பச்சையாகத் தெரிந்தது. அவன் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் திட்டின்மேல் போட்டான். நான் வாந்தி எடுத்து முடிக்கும்வரை முதுகைத் தட்டினான். திரும்பி வரும்போது என் ஒரு கை அவன் தோளிலேயே இருந்தது.

"ஊட்ல சொல்லாத மச்சான், என்னையும் சேத்து சாத்துவாங்க" என்று கரையில் சொன்னான். என் கையில் அவன் அவசரமாகத் தடவியதில் எண்ணெயில் பாதி மண்ணில் சிந்தியது.

எங்கள் வாசலில் கீரைக்காரம்மா அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "நான் வரேம்மா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

"எங்கலே போயிருந்த?"

"கிரவுண்டுலதாம்மா விளையாடுனேன்."

அம்மா என் கையை எடுத்துக் கீறினாள். கோடு விழவில்லை. மறுபடியும் கீறினாள். அடி இல்லை என்று தெரிந்ததும் எனக்குப் பசி வந்துவிட்டது.

"சோறு போடும்மா" என்றேன்.

அவள் கையை விடவில்லை. மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. கீரைக்காரம்மாவின் பாத்தி ஏரியின் மறுகரையில், அந்தப் பள்ளத்துக்கு நேர் எதிரே இருந்தது. அன்று அது என் நினைவுக்கே வரவில்லை.

நேற்று மகளின் முன்கையில் என் நகம் தானாக ஒரு கோடு இழுத்தது. "என்னப்பா பண்றீங்க?" என்று கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

சோதனையில் தேறிவிட்ட பிள்ளையை அம்மா இவ்வளவு நேரம் எதற்குப் பிடித்து வைத்திருக்கிறாள் என்றுதான் அன்று எனக்கும் எரிச்சலாக இருந்தது.