ஓடை வழியே இறங்கினோம்

நேற்றுச் சாயங்காலம் என் மகள் குண்டாற்று மணலில் இறங்கி நடக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். ஆறு வயது. திருச்சுழியில் ஆற்று மணலில் விளையாடாத பிள்ளை ஏது? தண்ணீர் வந்து எத்தனையோ மாதமாயிற்று. மாட்டுவண்டிகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. நான் அவள் கையைப் பிடித்துக் கரைமேலேயே, முள்ளுக்குள் இழுத்துக்கொண்டு நடந்தேன்.

எதிரே வந்த பக்கத்து வீட்டு அக்கா, "ஏன் டீச்சரம்மா, அம்புட்டு மணலு கெடக்கு, பிள்ளைய முள்ளுக்குள்ள இழுத்துட்டுப் போறீக?" என்றார்.

"மணல் சுடுதுக்கா" என்றேன். வெயில் தாழ்ந்து மணல் ஆறி வெகுநேரமாகியிருந்தது.

உங்களிடம் சொல்ல என்ன வெட்கம். எனக்கு மணல் என்றால் பயம். வறண்ட சீமையில் பிறந்தவள் வறண்ட ஆற்றுக்குப் பயப்படுகிறாள் என்று சிரிப்பீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

யுத்த காலம். நானும் ஞானம்மாளும் பார்வதியும் ஒரே மிஷன் பள்ளியில் வேலை பார்த்தோம். ஞானம்மாள் எங்கள் சபைக்காரி. பார்வதி பரளச்சியில் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண்; எங்களில் அவளுக்குத்தான் வாய் அதிகம். ஞானம்மாளின் அண்ணனுக்குக் காட்டிலாகாவில் காவலர் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்துக்குப் புதிதாக மாற்றியிருந்தார்கள். ஐப்பசி விடுமுறையில் அங்கே போய் மலை ஏறிப் பார்க்கலாம் என்று அவள் சொன்னாள். மூவரில் யாரும் அதுவரை மலை ஏறியதில்லை. எங்கள் பக்கத்தில் உயரமான இடம் என்றால் கண்மாய்க் கரைதான்.

என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். தூத்துக்குடியில் வேலையாக இருந்த என் வீட்டுக்காரருக்கு எழுதி அனுமதி கேட்டேன். "போய் வா. பிள்ளையைக் காட்டுக்குள் கொண்டுபோகாதே" என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தால் காவலர் வீடே காட்டுக்குள்தான் இருந்தது. சொல்லை ஏற்கெனவே மீறியாகிவிட்டது, இனி இன்னும் கொஞ்சம் மேலே போனால் என்ன என்று ஒரு மனம். பால்குடிப் பிள்ளையை விட்டுப்போக அந்த வீட்டில் பெண்பிள்ளை யாரும் இல்லை என்று இன்னொரு மனம். போகாமலே இருக்கலாமே என்று மூன்றாவதாக ஒரு மனமும் இருந்தது. அதை நான் பேசவிடவில்லை.

காலையில் கிளம்பும்போது கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கூஜா, ஓமத்திரவம், வசம்பு, நாலு துணி, ஒரு குடை. பார்வதி என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஏடி, இத்தனையும் தூக்கிக்கிட்டு நீ உச்சிக்குப் போறதுக்குள்ள பிள்ள அஞ்சாங் கிளாஸ் பாஸ் பண்ணீரும்."

அட்டைக்கு மருந்தாக, நனைத்த புகையிலையைக் காலில் தேய்த்துவிட்டார் ஞானம்மாளின் அண்ணன். அந்த வாடை இன்றைக்கும் எங்காவது அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போவேன். எங்கள் ஊரில் ஒரு மைலுக்கு அப்பால் வருகிறவரை நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடலாம். இங்கே பத்தடி முன்னால் போன ஞானம்மாளைக் காணோம். வானத்தையும் காணோம். ஒரு கிளை முறிந்தால் கரடி. ஒரு கொடி அசைந்தால் பாம்பு. பிள்ளையைச் சேலைத்துணியால் மார்போடு கட்டி, இரண்டு கையாலும் வேறு பிடித்துக்கொண்டு ஏறினேன். தடுக்கினால் எதைப் பிடிப்பேன் என்று யோசிக்கவில்லை.

ஒரு பாறைவரை போய்ச் சோறு தின்றோம். மேலே எங்கோ இடி உருண்டது. பார்வதி கையெடுத்துக் கும்பிட்டாள். "சாமி, இங்கிட்டுப் பெய்யிறதுல பாதிய பரளச்சிக்கு அனுப்பிவிடு." நாங்களும் சிரித்தோம். இடிச் சத்தத்தைக் கேட்டுப் பயப்பட எங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

இறங்கும் பாதை வழுக்கியது. பக்கவாட்டில் ஓர் ஓடை தெரிந்தது. வெள்ளை மணல், உருண்டைக் கற்கள், நடுவில் விரல் தண்டிக்கு நீர். "நம்மூரு ரோடு வந்துருச்சு!" என்று பார்வதி குதித்து இறங்கினாள். எங்கள் பக்கத்தில் பத்து மாதம் ஓடைதான் பாதை. பரளச்சியிலிருந்து பஸ்ஸுக்கு வருவதே ஓடை வழியாகத்தான். ஓடையில் நடக்காதீர்கள் என்று அந்த அண்ணனும் சொல்லியனுப்பவில்லை. மலை தெரிந்தவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

மணலில் கால் பட்டதும் என் நெஞ்சு ஆறியது. அன்று காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் பயந்தவள், பயப்பட வேண்டிய இடத்தில் மட்டும் பயப்படவில்லை. கரையில் அட்டை இருக்கும், பாம்பு இருக்கும் என்று பார்த்துப் பார்த்து, ஓடையின் நட்டநடுவில் ஒரு கல்லில் உட்கார்ந்து துணிக்கட்டை அவிழ்த்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். மற்ற இருவரும் கரைமேல் ஏறி நெல்லிக்காய் தேடினார்கள்.

எங்கள்மேல் ஒரு சொட்டு மழை இல்லை. பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரியை எரித்து ஓட்டிய கரி பஸ் ஏற்றத்தில் முக்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. காட்டுக்குள் ஏது பஸ் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே கணுக்காலில் ஜில்லென்றது. செம்மண் நிறத்தில், அழுகிய இலை வாடையோடு தண்ணீர். எழுந்து நின்றேன். முழங்கால். ஓர் அடி வைத்தேன். காலடியில் மணல் ஓடியது.

பார்வதி கரையிலிருந்து இறங்கி இடுப்பளவு தண்ணீரில் வந்துவிட்டாள். ஒரு கை மரவேரில், மறு கை என் பக்கம். "பிள்ளையக் குடு!"

நான் கொடுக்கவில்லை.

"குடுடி! ரெண்டு பேரும் போயிருவீக!"

கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கை திறக்கவில்லை. பிள்ளையை இறுக்கியபடி அவளை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைக்கு மூச்சுத் திணறி முகம் சிவந்தது. பார்வதி வேரை விட்டுவிட்டு என்மேல் பாய்ந்து, என் மணிக்கட்டைக் கடித்தாள். கை விட்டது. பிள்ளையைப் பிடுங்கிக் கரையிலிருந்த ஞானம்மாளின் மடிக்கு எறிகிற மாதிரிக் கொடுத்துவிட்டு, என் சடையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்கார்ந்திருந்த கல்லைத் திரும்பிப் பார்த்தபோது அது இல்லை.

காவலர் வீட்டு அடுப்படியில் பிள்ளை சிரித்து விளையாடியது. பார்வதி தலையைத் துவட்டியபடி, "உனக்கு இருக்கது கையா, உடும்பா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. என் பிள்ளையை அந்தத் தண்ணீருக்குக் கொடுக்க இருந்தவை என் கைகள். அதைக் கிட்டத்தில் நின்று பார்த்தவள் அவள். திரும்பும்போது பஸ்ஸில், "பிள்ளைய இங்கிட்டுத் தா, கை வலிக்கும்ல" என்று கேட்டாள். "தூங்குது" என்றேன். பிள்ளை விழித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்குப் பிறகு பார்வதி கேட்கவில்லை.

மணிக்கட்டில் என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். பிள்ளை கடித்தது என்றேன். பிள்ளைக்கு அப்போது முளைத்திருந்தது இரண்டே பல். அவர் நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது.

கரி பஸ் யுத்தத்தோடு போயிற்று. ஞானம்மாள் மதுரைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். பார்வதி கல்யாணமாகி வேலையை விட்டு நரிக்குடிப் பக்கம் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள் என்று கேள்வி. கூப்பிடு தூரம்தான். ஒரு முறைகூட நான் போகவில்லை. வளையலுக்குக் கீழே அவள் பல் பட்ட தடம் வெகுநாள் இருந்தது. அது இருந்தவரை, அவளுக்கு நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு நாள் குளிக்கும்போது தேடினேன், இல்லை. எந்தக் கை என்றுகூடச் சந்தேகம் வந்து, இரண்டு கையையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.