சுவரில் இரண்டு தட்டு

வாத்தியக்காரர்கள் நடுவில் அவருக்குப் 'பின்பாட்டு' என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாகக் கிளாரினெட் வாசிக்கிறார். அத்தனை வருஷமும் மேடையில் கடைசி வரிசைதான். கல்யாண வரவேற்பு, ஹோட்டல் விருந்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரோ பாடும் பாட்டுக்கு நடுவே எட்டு வினாடி. குழுவாகப் புகைப்படம் எடுத்தால் டிரம்மரின் தோளுக்குப் பின்னால் இவருடைய ஒரு காது மட்டும் தெரியும். பட்டப்பெயர் வைத்ததும் அந்த டிரம்மர்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன் என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

நோய் பரவி எல்லாரையும் வீட்டுக்குள் இருக்கச் சொன்னபோது அவர் தனியாக மாட்டிக்கொண்டார். மச்சினியின் பிரசவத்துக்கென்று மனைவியும் மகளும் வெளியூர் போய் நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பஸ், ரயில் எல்லாம் நின்றுவிட்டன. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. கச்சேரி எதுவும் இல்லை. மூன்று வாரம் மோட்டுவளையைப் பார்த்தபடி கிடந்தவரை டிரம்மர் போனில் எழுப்பினான்.

"ஒரு ஆல்பம் போடலாம்டா. அவனவன் வீட்டுல வாசிச்சு அனுப்பட்டும், நான் சேர்த்துக்கிறேன். உன் பேர்லதான். இந்தத் தடவை நீ முன்னால நில்லு, நாங்க பின்னால நிக்கிறோம்."

 தன்னுடைய நாற்பத்தாறாம் வயதில் ஒருவன் வந்து முன்னால் நில் என்கிறான்.

படுக்கையறைத் துணி அலமாரியைத் திறந்து, மனைவியின் துணிகளை இரு பக்கமும் ஒதுக்கி, நடுவில் மைக்கைத் தொங்கவிட்டார். தோளில் ஒரு போர்வை, தலைக்கு மேல் ஒரு போர்வை. எதிரொலி அடங்கிவிட்டது. ஆனால் அலமாரிக்குப் பின்னால் இருந்தது பக்கத்து வீட்டுச் சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் தையலக்கா. ஐம்பத்தெட்டு வயது, தனி ஆள், மகனுக்குக் கப்பலில் வேலை. ஒரு ஆஸ்பத்திரிக்கு முகக்கவசம் தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இவர் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நான்கடி தள்ளி நின்றார்.

"அக்கா, ஒரு உதவி. மத்தியானம் மூணு மணிக்கு மேல ரெக்கார்டிங் பண்றேன். மெஷின் சத்தம் மைக்ல விழுது."

"உங்க ஊதல் மட்டும் என் மெஷின்ல விழலையா? நேத்து ஒண்ணு தாளத்தோட தைச்சு, மூக்கு ஒரு பக்கம் வாய் ஒரு பக்கமா வந்திருக்கு" என்று தையலக்கா சிரித்தார். "மணி சொன்னா நான் மறந்துடுவேன் தம்பி. சுவத்துல ரெண்டு தட்டு தட்டுங்க, நிறுத்திடுறேன். முடிஞ்சதும் மறுபடி ரெண்டு தட்டு. ஓட்டிக்கிறேன்."

அப்படித்தான் நடந்தது. இவர் இரண்டு தட்டுத் தட்டுவார்; பேசுகிற வாயைப் பொத்தியதுபோல மெஷின் நிற்கும். முடிந்ததும் இவர் தட்ட மறந்தால், ஓட்டலாமா என்று தையலக்காவே இரண்டு தட்டுத் தட்டிக் கேட்பார். குப்பை வைக்க வெளியே வரும்போது தையலக்கா கருத்தும் சொல்வார். "நேத்து ரெண்டாவது தரம் வாசிச்சீங்களே, அதுதான் நல்லாயிருந்தது. நாலாவதுல என்னமோ அவசரம்." வந்து கேட்டுப் பார்த்தால் அது சரியாகவே இருக்கும். இரண்டாவதையே அனுப்பினார். தங்கமான மனுஷி என்று மனைவியிடம் போனில் சொன்னார்.

நான்கு பாட்டு முடிந்தது. ஐந்தாவது பாட்டில் இருமல் விழுந்தது.

முதல் நாள் மூன்று இருமல். கம்ப்யூட்டரில் அந்த இடத்தைத் தேடி அழித்தார். மறுநாள் பதினொன்று. அதற்கடுத்த நாள் எண்ணவில்லை. மூச்சை வைத்துப் பிழைக்கிறவர் அவர். அடுத்தவர் மூச்சும் அவர் காதுக்குத் தப்பாது. இருமல் வறண்டுகொண்டே போனதும், இரண்டு இருமலுக்கு நடுவே இழுக்கும் மூச்சு நாளுக்கு நாள் குட்டையானதும் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அந்த ஊரில் வேறு யாருக்கும் அது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்க முடியாது. தெரிந்துகொண்டு அவர் செய்தது, எந்த இருமலைச் சுலபமாக வெட்டலாம் என்று பார்த்ததுதான்.

நான்காம் நாள் பொறுமை போய்ச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். இருமல் நின்றது. துணியை வாயில் அமுக்கிக்கொண்டு இருமுவது ஹெட்போனில் மெல்லக் கேட்டது. மெஷினுக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டை அந்த அம்மாள் இருமலுக்கும் காப்பாற்றினார்.

"பக்கத்து வீட்டக்கா எப்படி இருக்காங்க?" என்று அன்று மனைவி கேட்டாள்.

"இருக்காங்க. லேசா இருமல்."

"போய்க் கேட்டீங்களா?"

"போய் நின்னா எனக்கும் ஒட்டிக்காதா?"

 ஊரே பயந்துகிடந்த நேரம், பயம் என்று சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் தனக்கு இருந்தது பயம் மட்டும் இல்லை என்று அவருக்குத் தெரியும். போய்க் கேட்டால் ஏதாவது செய்யவேண்டி வரும். ஆறாவது பாட்டு தள்ளிப்போகும்.

மறுநாள் மெஷினும் இல்லை, இருமலும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. மூன்று மணிக்கு அலமாரிக்குள் தலையை நுழைத்து ஆறாவது பாட்டைத் தொடங்கினார். மெதுவான பாட்டு, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நிறைய இடம் விட்டு வாசிக்க வேண்டும். பாதியில் இருக்கும்போது சுவரில் தட்டும் சத்தம். இரண்டு தட்டு.

மெஷினை ஓட்டலாமா என்று கேட்கிறார் போலிருக்கிறது, இப்போதா கேட்பது என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. வாசிப்பில் ஓர் இடைவெளி வந்ததும் கையை எடுத்துப் பதிலுக்கு இரண்டு தட்டுத் தட்டினார். இன்னும் முடியவில்லை, சும்மா இருங்கள் என்று அர்த்தம். சிறிது பொறுத்து இன்னொரு தட்டு, ஒற்றைத் தட்டு, பலமில்லாமல். பிறகு ஒன்றும் இல்லை. மிச்சத்தை வாசித்து முடித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி அவர் வாசித்ததில்லை.

சாயங்காலம் கம்ப்யூட்டரில் அந்தத் தட்டல்களை அழிக்கும்போது ஒன்று உறைத்தது. தையலக்கா வழக்கமாகத் தட்டினால் தோள் உயரத்திலிருந்து கேட்கும். இவை தரையை ஒட்டி, முழங்காலுக்கும் கீழே இருந்து வந்திருந்தன. அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு அழித்தது. பாட்டை அனுப்பினார். டிரம்மர் கேட்டுவிட்டுப் போன் செய்தான்.  "இத்தனை நாளா இதை எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே?" என்றான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வெளியே ஆள் சத்தம். கப்பலிலிருந்து மகன் அழைத்து அழைத்துப் பார்த்து, அம்மா எடுக்கவில்லை என்று கட்டடத்துக் காவலாளியைப் பிடித்திருக்கிறான். தலைமுதல் கால்வரை மூடிய இரண்டு பேர் பூட்டை உடைத்து உள்ளே போனார்கள். இவர் கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்ட்ரெச்சரின் ஓரத்தில் ஒரு கை தொங்கியது. இவர் கதவைத் திறக்கவில்லை.

எல்லாம் போனபிறகு காவலாளி கீழிருந்து போனில் கேட்டான். "பக்கத்துலதானே இருக்கீங்க சார், ஒண்ணுமே கேக்கலையா?"

"காதுல ஹெட்போன் மாட்டியிருந்தேன்பா."

தையலக்கா பிழைத்தார். இருபத்துநான்கு நாள் கழித்து, பாதி ஆளாக இளைத்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறி வந்தார். இவர் கதவைத் திறந்து நின்றார். திறக்காமல் இருக்க இப்போது காரணம் இல்லை.

"உங்க பாட்டை நடுவுல கெடுத்துட்டேன்ல தம்பி" என்றார் தையலக்கா மூச்சு வாங்கியபடி. "தண்ணி குடிக்கக் கட்டிலை விட்டு இறங்கினவ விழுந்துட்டேன். எழுந்திருக்க முடியல. போன் எங்கேயோ கிடக்குது. அதான் சுவத்தைத் தட்டினேன். நீங்களும் பதிலுக்குத் தட்டின மாதிரி இருந்துச்சு. சரி, ஆள் வரப்போகுதுன்னு படுத்துக் கிடந்தேன். காய்ச்சல் முத்தினா என்னென்னமோ கேக்கும் போல. நீங்க காதுல அதை மாட்டியிருந்திருப்பீங்க. கேட்டிருக்காது."

அவர் ஒன்றும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பொய்யைத் தையலக்காவே அளந்து வெட்டித் தைத்துக் கையில் கொடுத்துவிட்டார். போட்டுக்கொள்வதுதான் பாக்கி.

"ஆமாக்கா. கேக்கல."

ஆல்பம் வெளிவந்தது. யாரும் எதிர்பாராத அளவுக்குப் போனது. ஆறாவது பாட்டு முக்கியமாக. வானொலியில் போன் வழியே பேட்டி எடுத்தார்கள். "அந்தப் பாட்டுல ஒரு நிசப்தம் இருக்கே, அது எப்படி அமைஞ்சது?" என்று கேட்டார் பேட்டி எடுத்தவர். "அன்னைக்குப் பக்கத்துல ஒரு சத்தமும் இல்லை" என்று அவர் வாய் சொன்னது.  இருபத்திரண்டு வருஷமாக ஏங்கிய பாராட்டு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தரமும் முகத்தில் யாரோ துப்பியது போலத்தான் இருந்தது. அப்பாவை இழந்த ஒரு பெண், அந்தப் பாட்டைக் கேட்டபடிதான் தூங்குகிறேன் என்று எழுதியிருந்தாள். அவளுக்கு அவர் பதில் எழுதவில்லை.

பஸ் ஓடத் தொடங்கி மனைவியும் மகளும் திரும்பினார்கள். ஒரு நாள் மனைவி பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்து துணி மடித்தபடி சொன்னாள்.

"அக்கா உங்க ஆல்பத்தைக் கேட்டாங்களாம். அஞ்சு பாட்டும் அவங்களுக்கு மனப்பாடம். எந்த இடத்துல எத்தனை தரம் தப்புப் பண்ணீங்கன்னுகூடச் சொல்றாங்க. விழுந்த அன்னைக்கு நீங்க எதை வாசிச்சீங்கன்னு ஞாபகம் இல்லையாம். ஆறாவது மட்டும் புதுசா இருக்காம். அது வாசிச்சப்ப நான் ஆஸ்பத்திரியில இருந்திருப்பேன், கொடுத்து வைக்கலன்னு சொன்னாங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மகள் வெளியே போயிருந்தாள். அழித்த இருமல் முதல் காவலாளியிடம் சொன்னது வரை, ஒன்றையும் விடாமல் மனைவியிடம் சொன்னார். அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

"சொல்லி என்ன ஆகப்போகுது?"

"எனக்குத் தெரியாது. ஆனா நான் தினமும் அவங்க முகத்தைப் பார்த்துப் பேசணும்."

போவதற்குப் பதினோரு நாள் ஆனது. இரண்டு தரம் கதவு வரை போய்த் திரும்பினார். பன்னிரண்டாம் நாள் தையலக்கா மெஷினில் யாருக்கோ திரைச்சீலை தைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே போய் நின்றுகொண்டே சொன்னார். மெஷின் நின்றது.

"ரெண்டு தட்டும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

"அப்புறம் ஒண்ணு தட்டினேனே. அது?"

"அதுவும் கேட்டுச்சு."

தையலக்கா ஊசிக்குக் கீழே இருந்த துணியை நீவினார். ஒரே இடத்தை நான்கைந்து தரம் நீவினார்.

"அப்ப பதிலுக்குத் தட்டினது நிஜம்தான். மகன்கிட்ட சொன்னேன், பிரமைம்மான்னு சிரிச்சான். எனக்குப் புத்தி பிசகிப்போச்சோன்னு இத்தனை நாளா உள்ளுக்குள்ள ஒரு பயம். அது இல்லன்னு ஆச்சு." நிமிர்ந்து பார்க்கவில்லை. "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."

தம்பி என்று சொல்லவில்லை. அதன்பிறகும் சொன்னதில்லை. மனைவியோடும் மகளோடும் முன்போலவே பேசுகிறார். மகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தார். இவரிடம் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். சண்டை என்று வந்திருந்தால் அவர் எப்படியாவது தாங்கியிருப்பார். மெஷின் இப்போது நினைத்த நேரம் ஓடுகிறது, இவர் அந்தச் சத்தத்தோடேயே வாசித்துப் பழகுகிறார். மேடையில் இப்போது முன்வரிசை. ஆறாவது பாட்டை வாசிக்கச் சொல்லிக் கூட்டத்திலிருந்து குரல் வரும். அந்தப் பாட்டுக்கு இன்று மூச்சு போதாது என்று சொல்லி வேறொன்றை வாசிப்பார். இதனால் எதுவும் சரியாகிவிடாது என்று தெரிந்தும் அப்படித்தான் செய்கிறார். டிரம்மர் காரணம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டான்.

போன வாரம் மாடிப்படியில் தையலக்கா பெரிய துணி மூட்டையோடு முதல் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நோய்க்குப் பிறகு அந்த மூச்சு முழுசாகத் திரும்பவில்லை.

"குடுங்கக்கா, நான் கொண்டுவரேன்" என்று அவர் கையை நீட்டினார்.

"வேணாம். பழக்கம்தான்."

தையலக்கா மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். அவரைத் தாண்டிக்கொண்டு போக இவருக்கு மனம் வரவில்லை. கீழேயே நின்றார். மேலே சாவி போடும் சத்தமும் கதவு சாத்தும் சத்தமும் கேட்டபிறகுதான் ஏறத் தொடங்கினார்.