சனிக்கிழமை வரை கையெழுத்து

அட்டைப்பெட்டி கம்பெனியில் அவரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருஷமாக மிஷின்களுக்கு ரிப்பேர் பார்க்கிறவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர், இடது முழங்காலில் எப்போதும் ஒரு வலி. மூன்று மாதமாக மாடிப்படியில் நின்று நின்றுதான் ஏறுகிறார்.

அட்டை வெட்டும் மிஷினில் கத்திக்கு முன்னால் ஒரு கம்பிவலைக் கூண்டு இருக்க வேண்டும். கை உள்ளே போகாமல் தடுப்பதற்கு. அது மாட்டியிருக்கிறதா என்று தினமும் பார்த்து, தாளில் அன்றைய தேதிக்கு நேரே கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. திங்கட்கிழமை காலையிலேயே ஆறு நாளைக்கும் சேர்த்துப் போட்டுவிடுவார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் போட்டார். அந்தத் தாளை யாரும் படித்ததில்லை.

கூண்டு இருந்தால் வேலை பாதிதான் நடக்கும். கழற்று என்று மேனேஜர் ஒருநாளும் சொன்னதில்லை. "எண்ணிக்கை குறையுதே" என்பார். மூன்றாம் தடவை அதைக் கேட்டபோது ஸ்பேனர் நாலு போல்ட்டையும் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டார். கூண்டு ஒரு வருஷமாகச் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. பெண்கள் அதன் மேல் துண்டு காயப்போட்டார்கள்.

புதன்கிழமை மதியம், அந்த மிஷினில் அட்டை வெட்டுகிற பெரியக்காவின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

வியாழக்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்கண்ணே."

அண்ணே என்று அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"பதினோரு மணிக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார். கூண்டை அந்தம்மாவே கழட்டியிருக்கு. நேத்து காலையில நீங்க பாத்தப்ப இருந்துச்சு. அதான் கையெழுத்து இருக்கே."

"சனிக்கிழமை வரைக்கும் இருக்கு சார்."

மேனேஜர் தாளைப் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்து நீட்டினார்.

"இன்னிக்கு வரைக்கும் போட்டுக்குங்க. பழச கிழிச்சிடுங்க. அந்தம்மாவுக்கு நாம ஏதாவது பாத்துச் செய்வோம்."

ஸ்பேனர் இரண்டு தாளையும் மடித்துக்கொண்டு கீழே இறங்கினார். மிஷினில் கூண்டு மாட்டியிருந்தது, பளிச்சென்று துடைத்து. போல்ட்டு நாலும் புதுசு.

பசை ஒட்டுகிற பெண் நிமிராமலே கேட்டாள். "ஒரு வருஷமா கிடைக்காத நேரம் ஒரே நாள்ல கிடைச்சிடுச்சா?"

"நான் மாட்டலம்மா."

"சரி, கழட்டினது?"

அவள் இன்னொரு அட்டையை மடித்தாள்.

"பெரியக்காவ பாத்துட்டு வந்தேன். 'என் தப்புன்னு எழுதிட்டாங்களா'ன்னு மட்டும் கேட்டுச்சு."

அப்படி எழுதிவிட்டால் நஷ்டஈடு கிடையாது, வேறு பிரிவில் வேலையும் கிடையாது. அது அவருக்குத் தெரியும். கூண்டைக் கழற்றியவர் யார் என்று தெரிந்தால் தன் வேலை இருக்காது என்பதும் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனிப் படி ஏறுவது? புதுத் தாளில் பேனாவை வைத்தார். திங்கள் போட்டார். செவ்வாயும் போட்டார். புதனுக்கு வந்ததும் கை நின்றது. யோசனை ஒன்றும் ஓடவில்லை. சலிப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு மேனேஜர் அறையில் இன்ஸ்பெக்டர் தாளைக் கேட்டபோது பழையதைக் கொடுத்தார்.

"இன்னிக்கு வியாழன்தானே?"

"ஆமா சார்."

"சனிக்கிழமை கூண்டு இருக்கும்னு இப்பவே எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். நேத்தும் பாக்கல. அதைக் கழட்டி ஒரு வருஷம் ஆச்சு. கழட்டினது நான்தான்." தகர டப்பாவை மேஜை மேல் வைத்தார். துருப்பிடித்த நாலு போல்ட்டு.

"யார் சொல்லிக் கழட்டினீங்க?"

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கழட்டச் சொல்லல சார். எண்ணிக்கை குறையுதேன்னாங்க."

இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். "முதல்லேருந்து சொல்லுங்க."

"கொஞ்சம் நேரமாகும் சார். முழங்கால் வலிக்குது. உக்காந்துக்கவா?"

மேனேஜர் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார்.