ஐம்பதில் ஓடிய பாட்டு

என் மனைவி டிவி கேம் ஆடுவாள். இதைச் சொன்னால் இன்றைக்கும் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். விடிகாலையில் எழுந்து இரண்டு மாட்டைக் கறந்து, காட்டு வேலையும் பார்த்துவிட்டு வருகிறவள், பொழுது சாய்ந்ததும் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு சாம்பல் நிறப் பெட்டியில் கேசட்டைச் செருகி, இரண்டு கையாலும் பட்டனைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

நான் பஸ் கண்டக்டர். தருமபுரியிலிருந்து பாலக்கோடு, மாரண்டஹள்ளி வழியாக ஓசூர் போகிற ரூட்டில்தான் என் வயசெல்லாம் போனது. அந்தப் பெட்டியை ஓசூரில் ஒரு கடையில் எங்கள் ஒரே மகளுக்காகத்தான் வாங்கினேன். பிள்ளை கொஞ்ச நாள் ஆடிவிட்டு சைக்கிள் கேட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பெட்டியை இவள் பிடித்துக்கொண்டாள். யாராவது வந்தால் மட்டும் பட்டென்று அணைத்துவிட்டு, பாப்பா ஆடிக்கொண்டிருந்தாள் என்று கூசாமல் சொல்லுவாள்.

அவள் என்ன ஆடுகிறாள் என்று நான் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. தொப்பி போட்ட ஒருத்தன் சுரங்கத்துக்குள் சாவி பொறுக்கிக்கொண்டு போவான் என்று அவள் சொல்லித்தான் தெரியும். டூட்டி முடிந்து வந்தால் கால் இரண்டும் வீங்கியிருக்கும். உள் அறைக் கட்டிலில் படுத்து, காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வேன். கதவு திறந்தே இருக்கும். அந்தச் சுரங்கத்துப் பாட்டு மட்டும் காதில் விழும். ஒரே பாட்டுதான். ஓடி முடித்து, ஒரு மூச்சு நின்று, மறுபடியும் முதலிலிருந்து ஓடும். நிற்கிற அந்த இடத்தில் குருவிக் குஞ்சு கத்துகிற மாதிரி இரண்டு சின்னச் சத்தம் வரும். அதைக் கேட்டபடியே கண் அசந்துவிடுவேன்.

முந்தின வருடம் கார்த்திகையில் அவள் போய்விட்டாள். நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் அதியமான்கோட்டை வீட்டில் நான் ஒருத்தன்தான். ஹைவேயில் லாரி போகிற இரைச்சல் நாள் முழுக்கக் கேட்கிறது, ஆனாலும் வீடு ஊமையாகக் கிடக்கிறது. செய்தி சேனலைப் போட்டு வைத்துப் பார்த்தேன். அவர்கள் போடுகிற சண்டையில் எரிச்சல்தான் வந்தது. மாட்டையெல்லாம் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் ஆனால் போதும், வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவேன். அந்தப் பாட்டை ஒரு தடவை, கட்டிலில் படுத்துக்கொண்டு, பழையபடி கேட்டுவிட்டால் போதும் என்று தோன்றியது. வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி ஒரு அரை மணி நேரம் கிடைக்கும். வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பெட்டி எப்போதோ செத்துப்போய்ப் பழைய இரும்புக்காரனிடம் போயிருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கிற மகளிடம் சொன்னேன். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பாள் என்றுதான் பயந்தேன். அவள் ஒன்றும் கேட்காமல், பழைய கேமெல்லாம் அடங்கிய உள்ளங்கை அளவு மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பினாள். தொப்பிக்காரனும் அதில் இருந்தான்.

போட்டேன். பாட்டு ஓடிய ஓட்டத்தைக் கேட்க வேண்டுமே! கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி தலைதெறிக்க ஓடியது. இது அது இல்லை என்று போனில் கத்தினேன். இதுதான் ஒரிஜினல் என்றாள் அவள். ஒரிஜினலை நீயே வைத்துக்கொள் என்று போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் அவளே கூப்பிட்டு விளக்கினாள். அந்தக் காலத்து கேமில் பாட்டும் படத்தோடு சேர்ந்துதான் ஓடுமாம். ஜப்பான், அமெரிக்கா டிவிகளில் நொடிக்கு அறுபது தடவை படம் மாறும். நம் ஊர் டிவியில் ஐம்பதுதான். அங்கே எழுதின பாட்டை நம் ஊர்ப் பெட்டியில் போட்டால் மெதுவாகத்தான் போகுமாம். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அறுபதில் போக வேண்டிய வண்டியை நம் ஊரில் ஐம்பதில் ஓட்டியிருக்கிறார்கள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு பாட்டு போனில் வரும். எல்லாம் அதே பாட்டு, பெட்டிதான் வேறு வேறு. ஐரோப்பாக்காரன் பெட்டியில் வேகம் சரியாக இருந்தது, ஆனால் சுருதி இறங்கி, சளி பிடித்தவன் பாடுகிற மாதிரி இருந்தது. காசு போட்டு ஆடுகிற பெரிய மெஷினில் கல்யாண மண்டபத்து பேண்டு செட்டே வாசித்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்றில் வெறும் கொசு. ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளும் விடவில்லை. அந்த ஒரு மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட அளவுக்கு அவள் கல்யாணத்தின்போதுகூடப் பேசியதில்லை.

கடைசியில் ஒன்று அனுப்பினாள். நம் ஊரில் விற்ற மாதிரி டூப்ளிகேட் பெட்டியில் யாரோ பதிவு செய்தது. அந்தப் பெட்டிகளைக் காப்பியடித்தவர்கள் உள்ளே பாட்டுக் குரல் இரண்டை இடம் மாற்றி வைத்துவிட்டார்களாம், அதனால் பாட்டு மூக்கால் பாடுகிற மாதிரி வருமாம். போட்ட உடனே எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே மூக்கு. அதே ஐம்பது. கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டு முடிந்தது, மூச்சு நின்றது, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

அந்த இரண்டு சின்னச் சத்தம் வரவேயில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதைக் காணோம், எவனோ வெட்டிவிட்டான் என்று மகளிடம் சண்டை போட்டேன். வாயால் செய்து காட்டச் சொன்னாள். போனில் கீ கீ என்று ஏதோ கத்தினேன். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த கேமிலேயே ஊறிக் கிடக்கிறவர்களிடம் நெட்டில் கேட்டாள். எந்தப் பெட்டியிலும் அந்த இடத்தில் அப்படி ஒரு சத்தம் கிடையாது என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், என் வீட்டில் வந்து கேட்டார்களா என்றேன். சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன். நான் இத்தனை வருடம் கேட்டதே பொய்யோ என்று பயம் வந்துவிட்டது. என் மனைவி போன பிறகு அவளைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை கொஞ்சம்தான். அதில் ஒன்று கையை விட்டுப் போகிற மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வந்து இறங்கினாள். பைக்குள் எங்கள் பெட்டி மாதிரியே ஒரு பழைய டூப்ளிகேட் பெட்டி. எங்கே தேடிப் பிடித்தாளோ. டிவியில் மாட்டினாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இங்க வேணாங்கப்பா. நீங்க எப்பவும் படுக்கற எடத்துல போயி படுத்துக்கங்க" என்றாள்.

உள் அறைக்குப் போய்ப் படுத்தேன். காலைச் சுவரில் தூக்கி வைத்தேன். பாட்டு ஆரம்பித்தது. நடுவில் அவள் பட்டன் தட்டுகிற சத்தமும் கேட்டது. அது என் மகள் என்று தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை, என் மனைவியே உட்கார்ந்து தட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உடம்பு தளர்ந்தது. பாட்டு முடிகிற இடம் வந்தது, மூச்சு நின்றது, அந்த இரண்டு சத்தம் தெளிவாகக் கேட்டது.

மகள் வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"அப்பா, இப்ப நீங்கதான் ஊதுனீங்க."

நான் எழுந்து உட்கார்ந்தேன். உதடு இன்னும் குவிந்தபடியே இருந்தது. வண்டி கிளம்பலாம் என்று டிரைவருக்குக் கொடுக்கிற ரெட்டை விசிலை வாயாலேயே ஊதியிருக்கிறேன். வாழ்நாள் பூராவும் ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் ஊதின பழக்கம். பாட்டு நின்றால் வண்டி நின்ற மாதிரி, வாய் தானாக ஊதிவிடுகிறது. அது என் காதில் பெட்டியின் சத்தமாகவே விழுந்திருக்கிறது.

மகளுக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். சுரங்கத்தில் ஒரு பெரிய பள்ளம், மேலே ஒரு பலகை போய்ப் போய் வரும். அம்மா ஆளைப் பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்திவிடுவாளாம். பலகை வந்தாலும் ஏற்ற மாட்டாளாம். போம்மா என்று பிள்ளை அவசரப்படுத்தினால், உங்கப்பா விசில் கொடுக்கட்டும் என்பாளாம். உள்ளிருந்து ரெட்டை விசில் வந்த பிறகுதான் ஆளைத் தாண்ட வைப்பாளாம்.

"நான் டூட்டியில வெளியூர்லயே தங்கின நாள்ல?" என்று கேட்டேன்.

"அன்னிக்கெல்லாம் கேமே போட மாட்டாங்க."

என் மனைவி தினமும் ஆடுகிறாள் என்று நான் அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அப்படியே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் என் கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிவந்து டிவி முன்னால் உட்கார வைத்தாள். முதல் தடவையாக அந்தத் தொப்பிக்காரனைப் பார்த்தேன். கட்டைவிரல் அளவுதான் இருந்தான். அவனைப் பள்ளத்தின் ஓரம் வரை நடத்திக்கொண்டு போய் நிறுத்தினாள். பலகை வந்தது. பாட்டும் நின்றது.

"ஊதுங்கப்பா."

உதட்டைக் குவித்தேன். என் மனைவி சம்மணம் போட்டு உட்காருகிற இடம் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. காற்று வரவில்லை. எந்தக் கண்டக்டரும், ஏற வேண்டிய ஆள் கீழே நிற்கும்போது ரெட்டை விசில் கொடுக்க மாட்டான்.

"இரு கண்ணு," என்றேன். "ஆளு இன்னும் ஏறல."

மகள் பட்டனிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். பலகை போய்ப் போய் வந்தது. கொடுத்த நேரம் தீர்ந்து, அந்த ஆள் நின்ற இடத்திலேயே விழுந்தான். பாட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.