கண்மாயில் இடுப்பளவு தண்ணீர்

இன்று டி. கல்லுப்பட்டி பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் மடியில் ஊத்தா இருந்தது. கண்மாயில் மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் அடியில்லாத கூடை.

"உங்க ஊர்ல மீன்பிடித் திருவிழா என்னைக்கும்மா?" என்று கேட்டேன். சென்னையிலிருந்து மகள் பிள்ளைகளோடு அதற்காகவே வர நினைக்கிறாள். மாலைக்குள் அவள் தன் அலுவலகத்தில் விடுப்பு கேட்டாக வேண்டும்.

"தேதியை நாங்க எங்கண்ணே வைக்கிறோம்? தண்ணி முழங்காலுக்கு வத்தணும்."

பள்ளியில் தேர்வு அட்டவணை போட்டே பழகியவன் நான். "குத்துமதிப்பா ஒரு தேதி சொல்லுங்கம்மா" என்றேன். அவர் தன் கணவருக்குப் போன் போட்டார். "ஏங்க, கண்மாய்ல இறங்கிப் பாருங்க. தண்ணி எம்புட்டு இருக்கு?"

நான்கு நிறுத்தம் தாண்டிப் பதில் வந்தது: இடுப்பளவு.

"அவரு பனைமரம்ணே. அவருக்கு இடுப்புன்னா எனக்கு நெஞ்சு. வத்த மூணு வாரம் ஆகும். அந்த ஞாயித்துக்கிழமை வாங்க."

"எங்களுக்கு மீன் பிடிக்கத் தெரியாதேம்மா."

"வெறுங்கையோட அனுப்புனா எங்க ஊருக்குல்ல அசிங்கம்?"

முகம் தெரியாத எனக்காக ஒருவர் வேட்டியை நனைத்திருக்கிறார். பெயர் கேட்க மறந்தாலும், உயரத்தை வைத்துக் கண்டுபிடித்து நன்றி சொல்லிவிடுவேன்.

ஊர் திரும்பும் திங்கட்கிழமை விடுப்புக்கு என்ன காரணம் எழுதுவது என்று போனில் கேட்கிறாள் மகள். 'கண்மாயில் இன்னும் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது' என்று எழுதச் சொன்னேன். இதைவிட நல்ல காரணம் உங்களிடம் இருக்கிறதா?