எங்கள் தெருவில் நாலு ஆரோக்கியமேரி

விழுப்புரத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் நான் வேலை பார்த்த காலம் அது. 2013 அல்லது 14 இருக்கும். என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்த வருடம். சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிகள் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பது எங்கள் தொழில். விழுப்புரத்தில் ஆறு பேர் கோட், அதாவது மென்பொருளுக்கான நிரல், எழுதுவோம். திண்டிவனம் கிளையில் இருந்தவர்கள் ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் போன்களுக்குப் பதில் சொல்வார்கள்.

அந்த வருடம் எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. உலகம் முழுக்க இலவச மென்பொருள் எழுதுகிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்களோ, அப்படியே நாமும் கம்பெனிக்குள் செய்யலாம் என்றார். அவரவர் கம்ப்யூட்டரில் பூட்டி வைத்திருக்கும் கோட் எல்லாவற்றையும் ஒரே பொது இடத்தில் ஏற்ற வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். முதலில் எழுதியவர் பார்த்துச் சம்மதித்தால் அது சேரும். திண்டிவனத்துக்காரர்களுக்கும் அதே உரிமை.

எனக்கு எரிச்சலாக வந்தது. என் சமையலறைக்குள் புகுந்து யாரோ அஞ்சறைப்பெட்டியைக் கிளறுவது போல இருந்தது. மூன்று வருட உழைப்பு, சும்மாவா? முனகிக்கொண்டேதான் ஏற்றினேன்.

அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை தந்த பகுதி ஒன்று உண்டு. நம் ஜனங்கள் ஆஸ்பத்திரி அட்டையைத் தொலைத்துவிட்டு வருவார்கள்; கவுண்டரில் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பதிவார்கள். ஒரே ஆளுக்கு ஐந்தாறு பதிவு இருக்கும். பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், ஊர் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள்தான் என்று எடுத்துக்கொண்டு, பதிவுகளைத் தானாகவே ஒன்றாக்கும்படி எழுதியிருந்தேன். பழைய குறிப்பின் மேல் புதிய குறிப்பு ஏறிவிடும்; பழையது பின்னால் மறைந்து கிடக்கும். முதலாளி எல்லோர் முன்னாலும் பாராட்டினார். திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அதைப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

அப்போதுதான் அந்தத் திருத்தம் வந்தது. அனுப்பியவள் திண்டிவனத்தில் போன் எடுக்கிற பெண். மயிலம் பக்கம் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தவள். கோட் எழுதுவது அவள் வேலையே இல்லை. போன் வராத நேரத்தில் என் கோட் வரிகளைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். பதிவுகளைத் தானாக ஒன்றாக்கக் கூடாது, கவுண்டரில் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்று மாற்றியிருந்தாள். கூடவே ‘வீட்டு அடையாளம்’ என்று ஒரு கட்டம். அந்த வீட்டை ஊரில் எப்படிச் சொல்வார்களோ அதை எழுத வேண்டுமாம்.

“ஊர்ப் பட்டப்பெயர் எழுத இது இடமில்லை. உங்கள் வேலை போன் எடுப்பது” என்று பதில் போட்டுத் திருத்தத்தை நிராகரித்தேன். இரண்டு கிளையிலும் எல்லோரும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் போட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு.

மறுநாள் காலை அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் திண்டிவனத்தில் பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஒல்லியான உருவம், கழுத்தில் சின்னச் சிலுவை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நானும் முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

“கோச்சுக்காதீங்க மேடம். எழுதிப் புரியவெக்க எனக்கு வரல. அஞ்சு நிமிசம் காட்டிட்டுப் போய்டறேன்” என்றாள்.

சோதனைக்காக வைத்திருந்த பிரதியில் அவளே தட்டினாள். ஆரோக்கியமேரி, கணவர் அந்தோணிசாமி, ஊர் அவளுடைய ஊர். அடுத்து இன்னொரு ஆரோக்கியமேரி, கணவர் அந்தோணிசாமி, அதே ஊர். மூன்றாவது. நான்காவது. கடைசியில் திரையில் ஒரே ஒரு ஆரோக்கியமேரிதான் இருந்தாள்.

“ஒரே பேரத் திருப்பித் திருப்பிப் போட்டா அப்படித்தான் வரும்” என்றேன்.

“நாலு பேரும் எங்க தெருவுல உசுரோட இருக்கறாங்க மேடம். மாதா திருவிழா சமயத்துல பொறந்தா அந்தப் பேருதான் வெப்பாங்க. ஆம்பளைங்கள்ல பாதிப் பேரு அந்தோணிசாமி. கெணத்து வீட்டு மேரி, டீச்சர் வீட்டு மேரின்னுதான் நாங்க சொல்லிக்கினு இருப்போம்.”

எங்கள் வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைப்பதென்றால், ஊரில் யாருக்கும் இல்லாத பெயராகத் தேடித் தேடி வைப்பார்கள். ஒரே தெருவில் நால்வருக்கு ஒரே பெயர் இருக்கும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இது ஓடிக்கொண்டிருக்கிறதே!

இருவரும் உட்கார்ந்து அங்கே ஒன்றாகிப்போன பதிவுகளைத் தேடினோம். சந்தேகத்துக்கு இடமானவை பதினொன்று. அதில் ஒன்று அவள் ஊர் ஆரோக்கியமேரி. ஒருத்திக்குப் பென்சிலின் ஊசி ஆகாது என்று முதலில் பதிந்திருந்தார்கள். வேறொருத்தி காய்ச்சலுக்கு வந்தபோது, அதன் மேல் ‘ஒவ்வாமை இல்லை’ என்று ஏறியிருந்தது. கடைசி வரி அன்று காலை பதிந்தது: பிரசவத்துக்குச் சேர்ந்திருக்கிறார்.

“ஐயோ, கெணத்து வீட்டு அக்காதான் மாசமா இருக்கறாங்க. அவங்களுக்குத்தான் அந்த ஊசி ஆவாது!”

போனை எடுத்தேன்; ஆஸ்பத்திரி நம்பர் எனக்கு நினைவில் இல்லை. அவள் வாங்கி அழுத்தினாள். “சிஸ்டர், ஜல்தியா பிரசவ வார்டுக்குச் சொல்லுங்க. ஆரோக்கியமேரிக்குப் பென்சிலின் ஆவாது. கம்ப்யூட்டர்ல இருக்கறது தப்பு.”

லைனை வைக்காமல் காத்திருந்தோம். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. திரும்பி வந்த நர்ஸ், ஊசி மருந்தைத் தட்டில் எடுத்து வைத்திருந்ததாகச் சொன்னார். “டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுதாம்மா போடுவோம். ஆனா சில பேருக்கு அந்த டெஸ்ட்டே பேஜாராயிடும். நல்ல நேரத்துல சொன்னீங்க.” சாயங்காலம் அந்த அம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம்.

போனை வைத்ததும் அழுதுவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். “வுடுங்கக்கா, மொதல்ல மிச்சம் பத்தையும் பிரிப்போம்” என்றாள். மேடம் அக்காவானது அப்போதுதான். பிரித்து முடித்து, அவள் திருத்தத்தை அவள் பெயரிலேயே சேர்த்தேன்.

மறுநாள் முதலாளி இரண்டு கிளையையும் ஸ்பீக்கர் போனில் கூட்டினார். “இத எழுதனது யாரு?” என்று கத்தினார். எந்த வரியை யார் எழுதியது என்று அந்தப் பொது இடமே பெயர் போட்டுக் காட்டும். என் பெயர் எல்லோர் திரையிலும் இருந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று எழுந்தேன். அதற்குள் திண்டிவனத்திலிருந்து அவள் குரல் வந்தது.

“நாங்க எழுதனதுதான் சார். எல்லாரும்தான படிச்சிக்கினு இருந்தோம்? மூணு வாரமா எனக்கும் கண்ணுல படலயே. இப்ப நாங்களே சரி பண்ணிட்டோம்.”

எழுதியது நான், அவள் சொல்லியும் கேட்காததும் நான் என்று உடனே சொல்லிவிட்டேன். முதலாளி, மற்ற ஆஸ்பத்திரிகளில் இந்தத் திருத்தத்தை என்றைக்குப் போடலாம் என்று கேட்டார்.

அவள் சொன்ன அந்த ‘நாங்க’ காதில் விழும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்குகிறது. பொதுவில் வைத்தால் என் உழைப்பை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்களே என்றுதான் அதுவரை பயந்துகொண்டிருந்தேன். என் தப்பிலும் ஒருத்தி பங்குக்கு வந்து நிற்பாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.